சுழல் கற்றாழை: விதையிலிருந்து சுழல் விழும் வரை, முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் திருஷ்டிக்காகக் கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில வீடுகளில் அப்படியே பூவும் விடும். அதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கற்றாழை என்றாலே "வெயிலில் வை, தண்ணீரை மற" என்பதுதான் மனதில் பதிந்திருக்கிறது. நானும் அந்த எண்ணத்தோடுதான் முதல் சுழல் கற்றாழையை, அதாவது வளர்ந்ததும் இலைகள் ஐந்து வரிசையாகச் சுழன்று அடுக்கும் கற்றாழை இனத்தை, வாங்கினேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், மேற்கு பார்த்த சுவரோரம், வாங்கி வந்த அதே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். ஆகஸ்டில் மூன்று நாள் தொடர்ந்து 38 டிகிரி. இலைகள் உள்ளே மடங்கி மொட்டு மாதிரி மூடிக்கொண்டன. தாகம் போலிருக்கிறது என்று தினமும் மாலையில் நிறையத் தண்ணீர் விட்டேன். பத்து நாள் கழித்து நடுக்குருத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தால், அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்புக் கூழ், அழுகின வெங்காய வாடை.

அதற்கப்புறம் ஐந்தாறு வருடமாக இந்தச் செடியை விதையிலிருந்தும், கன்றிலிருந்தும், ஒரு தடவை வேரே இல்லாத வெறும் தலையிலிருந்தும் வளர்த்திருக்கிறேன். கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றுதான்: இது கற்றாழைதான், ஆனால் பாலைவனச் செடி இல்லை. மலைச் சரிவில், குளிர்ந்த பாறை இடுக்கில், ஓடுகிற தண்ணீரில் வேர் நனைந்தபடி வாழ்கிற செடி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று தானாகவே புரியும்.

அது எங்கே வாழ்கிறது

ஆலோ பாலிஃபில்லா என்பது தாவரவியல் பெயர். பாலிஃபில்லா என்றால் பல இலைகள் கொண்டது என்று பொருள். இயற்கையில் இது இருப்பது லெசோத்தோ என்ற ஒரே நாட்டின் மலைகளில்தான். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன நாடு அது, அதன் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். அதிலும் இந்தச் செடி இன்னும் மேலே, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், மலோட்டி மலைகளில், குறிப்பாகத் தபா புட்சோவா தொடரில் இருக்கிறது. அந்த ஊர் செசோத்தோ மொழியில் லெக்காலா கரெட்சா என்பார்கள், நாட்டின் தேசிய மலரும் இதுதான்.

அந்த மலைகள் எரிமலைக் கருங்கல், அதாவது பசால்ட். சரிவில் உதிர்ந்து கிடக்கும் கல்லுக்கு நடுவே செடி சாய்ந்தபடி முளைத்திருக்கும். கோடையில் நல்ல மழை, அடிக்கடி மூடுபனி, குளிர்காலத்தில் பனி விழுந்து செடியையே மூடிவிடும். மழை எவ்வளவு பெய்தாலும் அந்தச் சரிவில் ஒரு சொட்டுகூடத் தேங்காது, வேரைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். ஓடுகிற தண்ணீரில் காற்றும் இருக்கும், குளிர்ச்சியும் இருக்கும். நம் தோட்டத்தில் செய்யவேண்டியதெல்லாம் இந்தச் சரிவை ஒரு முழ அகலத்துக்கு உண்டாக்கித் தருவதுதான்.

வாங்கும்போது

லெசோத்தோவில் காட்டிலிருந்து பிடுங்கி விற்றே இந்தச் செடியைப் பல இடங்களில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பிடுங்கிக் கொண்டுபோன செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி இது. அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் முதல் பட்டியலில், மிகக் கடுமையான காவல் உள்ள இடத்தில் இருக்கிறது. ஆகவே நர்சரியில் விதையிலோ திசு வளர்ப்பிலோ (ஆய்வகக் குடுவையில் செடியின் திசுவிலிருந்து வளர்ப்பது) உருவான செடியை மட்டும் வாங்குங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் பட்டியல் என்பதால் விதைக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. இணையத்தில் வேறு நாட்டிலிருந்து விதைப் பொட்டலம் வரவழைக்கலாம் என்று நினைத்தால் சைட்டீஸ் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அது சட்ட விரோதம்.

இன்னொன்று, இணையத்தில் நீல நிறச் சுழல் கற்றாழை, சிவப்புச் சுழல் கற்றாழை என்று படத்தோடு விதை விற்பார்கள். அந்த நிறம் படத்தில் பூசியது. உண்மையான செடி சாம்பல் கலந்த பச்சை, இலை நுனி கருஞ்சிவப்பு.

இன்று கடைகளில் கிடைக்கும் செடிகளில் நிறைய திசு வளர்ப்பில் வந்தவை. தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. குடுவையில் வளரும் குருத்துகள் தண்ணீர் கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது, வளர்ச்சி ஊக்கியை மாற்றிப் பார்த்து அதைக் குறைத்தார்கள். ஆய்வகச் செடி எளிதாகக் கிடைத்தால் காட்டுச் செடியைப் பிடுங்கிச் சம்பாதிக்க ஆள் குறையும் என்பதால் அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, விதை எடுக்கும் இடத்தில் சொல்கிறேன்.

சின்னச் செடியில் சுழல் இருக்காது, ஏமாந்துவிட்டோமோ என்று பயப்படவேண்டாம். வாங்கும்போது குருத்தைப் பாருங்கள். இறுக்கமாக, வெளிர்பச்சையாக, அசைத்தால் அசையாமல் இருக்கவேண்டும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிந்தால் இன்னும் நல்லது.

இடம்

கடலோரத்தில், பசிபிகா மாதிரி பனிமூட்டம் வருகிற ஊரில் இருந்தால் நாள் முழுக்க வெயில் படலாம். ஃப்ரீமாண்ட், சான் ஹோசே மாதிரி கொஞ்சம் உள்ளே வந்தால் காலை வெயில் மட்டும் போதும், மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். கிழக்கு பார்த்த இடம்தான் எனக்கு மிக நன்றாக அமைந்தது. சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பகலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், இந்தச் செடிக்கு இரவு குளிர்ந்தே ஆகவேண்டும். காற்றோட்டமும் தேவை.

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். லண்டன் பக்கம் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, குளிர்கால ஈரம்தான் பிரச்சினை. டொராண்டோ குளிரில் வெளியே பிழைக்காது, தொட்டியில் வளர்த்து உறைபனிக் காலத்தில் வெளிச்சமுள்ள, சூடாக்காத அறைக்குள் கொண்டுவர வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா மூன்றிலும் குளிர்ந்த இரவு இருக்கிறது, உயரமும் இருக்கிறது, நர்சரிச் செடி சட்டப்படி கிடைத்தால் உயர்த்திய கல்பாத்தியில் முயன்று பார்க்கத் தகுந்த இடங்கள். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் வேண்டாம். அங்கே இரவுகூட வேர் ஆறாது, வாங்கிவைத்துச் சாகடிப்பதற்கு வாங்காமல் இருக்கலாம்.

மண் கலவையும் நடவும்

பாதிக்கு மேல் கல் இருக்கவேண்டும். நான் போடுவது: பியூமிஸ் என்கிற நுரைக்கல் மூன்று பங்கு, சிறு துண்டு லாவா கல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் இரண்டு பங்கு. பியூமிஸ் கிடைக்காவிட்டால் பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல். ஆற்று மணலைப் போட்டு இறுக்கிவிடாதீர்கள், மெல்லிய மணல் இடைவெளியையெல்லாம் அடைத்துவிடும். கடையில் கள்ளிச்செடி மண் என்று விற்பதில் பாதி பீட் பாசிதான் இருக்கும், அதை அப்படியே பயன்படுத்தினால் ஒன்று சேறாகும், இல்லை காய்ந்து கட்டியாகித் தண்ணீரையே உள்ளே விடாது. கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் சில நொடியில் அடியில் ஒழுக ஆரம்பிக்கவேண்டும்.

தொட்டி என்றால் மண் தொட்டி, அல்லது வெளிர் நிறத் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் கொதிக்கும், முதலில் வேகும் வேர் தொட்டிச் சுவரை ஒட்டிய வேர்தான். வேறு வழியில்லை என்றால் அதைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி நடு இடைவெளியில் சரளைக்கல் நிரப்பிவிடுங்கள்.

தரையில் நடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எங்கள் ஊரில் களிமண், குழி தோண்டி நட்டால் அது கிணறாகிவிடும். அதனால் குழியே தோண்டாமல், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு இந்தக் கலவையைக் குவித்து மேடு கட்டி, சுற்றிலும் கை அகலக் கற்களைப் புதைத்தேன். செடியை மேட்டின் உச்சியில் இல்லாமல் பக்கச் சரிவில், சாய்த்து நடவேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்று கேட்டால், குருத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் அது நிற்காமல் வழிந்துவிடும் அளவுக்கு. பெர்க்கிலியில் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவின் தென்னாப்பிரிக்கப் பகுதியில் இந்தச் செடியைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் நடுவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள்.

நட்டபிறகு கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குச் சரளைக்கல் மூடாக்கு. மரத்தூள், மரச்சீவல் வேண்டாம், அது கழுத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கல் வேரைக் குளிர்ச்சியாகவும் வைக்கும், அடி இலைகளை ஈரமண்ணில் படாமலும் தூக்கிவைக்கும்.

தண்ணீர்

இங்கேதான் நிறையப் பேர் செடியை இழக்கிறார்கள். லெசோத்தோவில் கோடையில் மழை, குளிர்காலம் வறட்சி. கலிஃபோர்னியாவில் அப்படியே தலைகீழ், கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, குளிர்காலத்தில்தான் மழை. எனவே இங்கே கோடையில் நாம்தான் மழை.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை செடி வேகமாக வளரும். வாரம் இரண்டு முறை, அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், மண் முழுக்கக் காயவிடாதீர்கள். மாதம் ஒருமுறை திரவ உரம், பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு. கடும் வெயில் நாட்களில் செடி வேலையை நிறுத்திவிட்டு இலையை மூடிக்கொள்ளும். அது தாகமாகவும் இருக்கலாம், சூட்டுக்காகவும் இருக்கலாம், அதனால் இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை விரல் நீளத்துக்கு மண்ணில் செருகி எடுத்துப் பாருங்கள். குச்சி ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், நிழல்துணி மட்டும் கட்டுங்கள். காய்ந்திருந்தால் விடியற்காலையில், மண் குளிர்ந்திருக்கும்போது ஊற்றுங்கள். மாலையில் சூடான மண்ணில் தண்ணீர் ஊற்றினால் வேரைச் சுற்றி வெதுவெதுப்பான சேறுதான் இருக்கும், அழுகல் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் முதல் செடியைக் கொன்றது இப்படித்தான்.

குளிர்காலத்தில் தரையில் இருக்கும் செடிக்கு நான் தண்ணீரே விடுவதில்லை, மழை போதும். நன்றாக வேர்பிடித்த பெரிய செடி, வடிகால் சரியாக இருந்தால், பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி வரையான குளிரைக்கூடத் தாங்கும். குளிரும் தேங்கின ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒரு வாரம் அடைமழை என்றால் நான்கு குச்சி நட்டுத் தெளிவான பிளாஸ்டிக் தகட்டை மேலே கூரையாக வைப்பேன், பக்கங்களை மூடமாட்டேன். இரண்டு வயதுக்குட்பட்ட நாற்றுகளை உறைபனி இரவில் வெளியே விடாதீர்கள்.

பூச்சி, நோய்

நத்தை இளஞ்செடிக்கு முதல் எதிரி, இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள். மாவுப்பூச்சி இலையடுக்கின் அடியில் பஞ்சு மாதிரி ஒளிந்திருக்கும், பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகும். கலிஃபோர்னியாவில் கவலைப்படவேண்டியது கற்றாழை மைட் என்கிற கண்ணுக்குத் தெரியாத சிறு பேன், அது வந்த இடத்தில் இலையில் கட்டி கட்டியாக, காலிஃபிளவர் மாதிரி வீங்கும். அந்தப் பாகத்தை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

விதையிலிருந்து

விதை புதிதாக இருக்கவேண்டும், பழசாக ஆக முளைப்பு குறைந்துகொண்டே போகும். கரும்பழுப்பாய், ஓரத்தில் மெல்லிய சிறகோடு இருக்கும். மண்ணில் தூவியும் முளைக்கவைக்கலாம். ஆனால் எனக்கு நன்றாக வந்தது தண்ணீரில் மிதக்கவிடும் முறை. மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சுத்தமான தண்ணீர், அதன்மேல் விதையை மிதக்கவிட்டு மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான சன்னலோரம். அறை 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், அதிகச் சூடு வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டும், பூசணம் பிடித்த விதையை எடுத்துவிடவேண்டும். ஒரு வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கும், சில விதைகள் ஒரு மாதம்கூட எடுக்கும். முதலில் ஒரு வெள்ளை முனை, அப்புறம் பச்சையாக ஒரு கொக்கி மாதிரி நிமிரும்.

வேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் கரண்டி முனையால் ஏந்தி, சலித்த பியூமிஸும் இலை உரமும் சரிபாதியாகக் கலந்த சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். விரலால் கிள்ளி எடுக்காதீர்கள், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் மண் ஈரமாகவே இருக்கவேண்டும், கிண்ணத்தைத் தட்டில் வைத்து அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நான்கைந்து இலை வந்ததும் தனித்தனித் தொட்டி. அதற்கப்புறம் வேர் தொட்டியை நிரப்பும்போதெல்லாம் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், வேர் நெருக்கப்பட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

முதல் இரண்டு வருடம் பார்க்கச் சாதாரணக் கற்றாழைக் கன்று மாதிரிதான் இருக்கும். எனக்கு மூன்றாம் வருடம், செடி ஒரு சாண் அகலம் தாண்டியபோது, ஒரு காலை மேலிருந்து பார்க்கையில் புது இலை முந்தைய இலைக்கு நேர் மேலே வராமல் ஒரு நூல் அளவு தள்ளி வந்திருந்தது. அடுத்ததும் அதே பக்கம். இரண்டு மாதத்தில் ஐந்து வரிசை பிரிந்து தெரிந்தது. முழு வளர்ச்சியில் ஐந்து வரிசை, வரிசைக்கு 15 முதல் 30 இலை. வலப்புறமா இடப்புறமா சுழலும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, இரண்டும் சம அளவில் வரும். என்னிடம் ஒரே காயிலிருந்து வந்த இரண்டு நாற்று, பக்கத்துப் பக்கத்தில், எதிரெதிராகச் சுழன்றுகொண்டிருக்கின்றன.

கன்று, வெட்டிய தலை

இலையை வெட்டி நட்டால் முளைக்காது, அதை முயன்று இலையை வீணாக்காதீர்கள். பக்கக்கன்று விடுவது இந்தச் செடியில் அபூர்வம், சில செடிகள் மட்டும் விடும். விட்டால் அவசரப்படாமல் நான்கு அங்குலம் வரும்வரை விட்டு, மண்ணைக் கிளறி அதற்குச் சொந்த வேர் இருக்கிறதா என்று பார்த்து, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் பிரியுங்கள். வெட்டுக்காயம் நிழலில் நான்கைந்து நாள் காய்ந்தபிறகு நடவேண்டும். குருத்தைத் துளைத்து வலிய கன்று விடவைப்பவர்களும் உண்டு. ஒரே ஒரு செடி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

வேர் அழுகிவிட்டது, ஆனால் குருத்து உறுதியாக இருக்கிறது என்றால் செடியைக் காப்பாற்றலாம். பிடுங்கி, கழுவி, அடித்தண்டைப் பழுப்பு முழுக்கப் போய்த் தூய வெள்ளை தெரியும்வரை சீவிக்கொண்டே வாருங்கள். ஒரு புள்ளி பழுப்பு மிச்சமிருந்தாலும் திரும்ப அழுகும். ஒரு வாரம் நிழலில், காற்றுப்படும் இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள் (நம் வாசல் கற்றாழையின் தெம்பு இதற்கும் அந்த அளவுக்கு உண்டு). அப்புறம் வெறும் பியூமிஸ் மேல் உட்காரவைத்து, வாரம் ஒருமுறை கல்லை மட்டும் நனையுங்கள். குளிர்ந்த பருவத்தில் செய்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். என் செடி ஆறு வாரம் கழித்து முதல் வேர் விட்டது.

சொந்த விதை எடுக்க

பூக்க ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது. வசந்தத்தில் கிளைத்த பூந்தண்டு எழுந்து சால்மன் சிவப்பில் பூக்கும். பூத்தால் செடி செத்துவிடுமோ என்று பயப்படவேண்டாம், அது பார்க்கக் கற்றாழை மாதிரியே இருக்கும் அகேவ் என்ற வேறு செடியின் குணம், இதனுடையது இல்லை.

ஒரே செடியின் மகரந்தம் அதே செடிக்குச் சேராது. மரபில் வேறுபட்ட இரண்டு செடி ஒரே சமயம் பூக்கவேண்டும். திசு வளர்ப்புச் செடியில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது என்றேனே, அது இதுதான்: ஒரே ஆய்வகத் தாயிலிருந்து வந்த இரண்டு செடி வெளிப்பார்வைக்கு இரண்டு, மரபில் ஒன்று, காய் பிடிக்காது. அதனால் இரண்டாவது செடியை விதை நாற்றாக, வேறு இடத்திலிருந்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பை முதலில் வெளியே வரும், அது காய்ந்தபிறகுதான் சூல்முடி நீளும். ஒரு செடியின் புதுப் பூவிலிருந்து மெல்லிய தூரிகையில் மகரந்தத்தை எடுத்து, மற்றச் செடியின் மூத்த பூவில், சூல்முடி நுனி பளபளக்கும்போது தடவுங்கள். மூன்று நான்கு காலை தொடர்ந்து செய்யவேண்டும். பக்கத்தில் வேறு கற்றாழை ஏதாவது பூத்திருந்தால் இரண்டு பூந்தண்டையும் மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள், தேன்சிட்டு மாதிரியே இங்கே ஹம்மிங்பேர்டு வரும், அதன் அலகில் வந்த மகரந்தத்தில் கலப்பு விதை பிடித்துவிடும், மூன்று வருடம் வளர்த்தபிறகுதான் சுழல் விழவில்லை என்று தெரியவரும்.

காய் பச்சையிலிருந்து பழுப்பேறி, நுனியில் மூன்றாகக் கீறல் விழும்போது வெட்டிக் காகித உறையில் போட்டு வையுங்கள். ஓரிரு நாளில் தானாக வெடித்துச் சலசலவென்று சத்தம் கேட்கும். பதரை ஊதிவிட்டு, தடித்த விதைகளை மட்டும் எடுத்து, அன்றைக்கே டப்பாத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள்.